48 மணி வேலை, 6 மணி ஓ.டி.: கூலிக் கணக்கில் பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்கிறார்கள்?

கேள்வி, 14.06.2025, பேரணாம்பட்டு வாசகர்

அக்கா, என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். சமன்பாட்டை நேராகக் கொடுத்தால் மளமளவென்று போடுவாள். அதையே கதையாகக் கொடுத்தால் பேனாவை மூடி வைத்துவிடுகிறாள். நேற்று வந்த கணக்கு இது: ஒரு தொழிலாளி ஒரு வாரத்தில் 48 மணி நேரம் வழக்கமான வேலையும் 6 மணி நேரம் மிகைநேர (ஓ.டி.) வேலையும் செய்தார். மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. மொத்தம் 3,300 ரூபாய் பெற்றார் என்றால் வழக்கமான வேலைக்கு ஒரு மணிக் கூலி எவ்வளவு? இவள் 3,300ஐ 54ஆல் வகுத்தாள், 61.11 வந்தது, அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். இதெல்லாம் மொழிப் பிரச்சினை, வாசிப்பு கூடினால் சரியாகிவிடும் என்பது என் எண்ணம். சரிதானா?

14.06.2025, இரவு

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கணக்கில் உங்கள் மகளுக்குப் புரியாத தமிழ்ச் சொல் ஒன்றுகூட இல்லை. 48, 6, 3,300 மூன்றையும் சரியாக எடுத்திருக்கிறாள், கூட்டியும் வகுத்தும் இருக்கிறாள். ஓ.டி.யில் செய்த ஒரு மணிக்கு இரண்டு மணிக் கூலி கிடைக்கும் என்பதைத்தான் தாளில் கொண்டுவரவில்லை. கடிகாரத்தில் ஓடியது 54 மணி, கூலி கிடைத்தது 60 மணிக்கு. இந்த இரண்டும் வேறு வேறு எண்கள் என்று பட்டுவிட்டால் கணக்கு முடிந்த மாதிரிதான்.

குடியாத்தத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன், பன்னிரண்டு வருடமாகிறது. என்னிடம் வருகிற பிள்ளைகளுக்குச் சமன்பாட்டை முதலில் எழுத விடுவதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது என்ன என்று எழுத வேண்டும். 48 மணி. 6 மணி. 3,300 ரூபாய். தெரியாதது, ஒரு மணிக்கு எத்தனை ரூபாய் என்பது. எக்ஸ் என்று எழுதாமல் "கூ" என்று எழுதச் சொல்கிறேன், கூலியின் முதல் எழுத்து. அப்புறம்:

48 கூ + 6 × 2 கூ = 3,300
60 கூ = 3,300
கூ = 55

சரிபார்க்க: 48 × 55 = 2,640. ஓ.டி. 6 × 110 = 660. கூட்டினால் 3,300.

15.06.2025

61.11 வந்ததும் அவள் அடித்தது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. விடை முழு எண்ணாக வராவிட்டால் தப்பு என்று பிள்ளைகள் தாங்களாகவே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கில் அது தற்செயலாகப் பலித்துவிட்டது, மற்ற இடத்தில் பலிக்காது. நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது, எட்டு மணி என்று வைத்து வகுத்தால் 42. அதற்கு முந்தைய வருடம் 319. அதை எட்டால் வகுத்தால் 39.875. நிஜக் கூலி இப்படித்தான் வரும். விடை அழகாக இருக்கிறதா என்று பார்க்காமல், கிடைத்த விடையைக் கதைக்குள் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 61.11 ரூபாய் என்று வைத்து 48 மணிக்கும், இரட்டைக் கூலியில் 6 மணிக்கும் கணக்குப் போட்டிருந்தால் 3,666க்கு மேல் வந்திருக்கும். எங்கே பிசகியது என்று அவளே கண்டுபிடித்திருப்பாள்.

17.06.2025

என் அம்மா பீடி சுற்றியவர். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அந்த வேலைதான். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையைத் தகட்டு அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போடுவார். நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு, மணி என்ற வார்த்தையே அதில் வராது.

அம்மா பள்ளிக்கூடம் போனது மூன்றாவது வரைக்கும்தான். ஆனால் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் நேரமும் வேலையும் என்று வருகிற கணக்கு முழுவதும் அவருக்கு அத்துப்படி. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கூட உட்காருவேன். அம்மா தனியாக என்றால் ஆயிரத்துக்கு எட்டு மணி. நான் தனியாகச் சுற்றினால் பதினாறு மணி ஆகும். இரண்டு பேரும் சேர்ந்தால் சராசரி பன்னிரண்டு, அதில் பாதி ஆறு மணியில் முடிந்துவிடும். அப்படித்தான் "விளக்கு வைப்பதற்குள் முடிச்சுடலாம்" என்று கணக்குச் சொல்வார்.

கூலியைப் பங்கு போடுகிற கணக்கும் இதுதான். வேகம் 2க்கு 1, ஆகவே கூலியும் 2க்கு 1. கணக்குக்காக ஆயிரத்துக்கு 270 ரூபாய் என்று வைத்தால் அம்மாவுக்கு 180, எனக்கு 90. எங்கள் வீட்டில் பங்கெல்லாம் இல்லை, மொத்தமும் அரிசிக்கும் நோட்டுக்கும் போய்விடும்.

18.06.2025, காலை

நேற்று எழுதியதில் ஒரு பிழை. ஆறு மணி இல்லை, 5 மணி 20 நிமிடம். என்னிடம் படிக்கும் பத்தாம் வகுப்புப் பெண் வாசித்துவிட்டு வந்து சொன்னாள், அவள் சொன்னது சரி. அம்மாவின் வாயில் அந்தச் சராசரியை வைத்ததும் நான்தான். அவர் சொன்னது விளக்கு வைப்பதற்குள் என்பது மட்டும்.

மணிகளைச் சராசரி எடுக்கக் கூடாது. ஒரு மணியில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதைத்தான் கூட்ட வேண்டும். அம்மா ஒரு மணிக்கு 125, நான் 62.5, இரண்டும் சேர்ந்து 187.5. ஆயிரத்தை 187.5ஆல் வகுத்தால் ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும். பின்னத்தில் எழுதினால் 1/8 + 1/16 = 3/16, அதைத் திருப்பினால் 16/3. 2க்கு 1 என்ற பங்கு மாறாது.

பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொடுத்த கையே அவசரத்தில் சராசரி எடுத்தது என்றால், ஒன்பதாவது படிக்கிற பெண் 54ஆல் வகுத்ததற்குத் திட்டாதீர்கள். இரண்டும் ஒரே தவறுதான், ஒரே மாதிரி இல்லாத மணிகளை ஒரே மாதிரி என்று எண்ணிக் கூட்டிவிடுவது.

18.06.2025, மதியம்

பீடிக் கணக்கில் இன்னொன்று. அம்மாவின் எட்டு மணி என்பது சுருட்டுகிற நேரம் மட்டும். முந்தின நாள் இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தது, விடியற்காலையில் உட்கார்ந்து வெட்டியது, முடித்ததைக் கொண்டுபோய்க் கொடுத்து வரிசையில் நின்று வந்தது, இதெல்லாம் சேர்ந்தால் பதினொன்று. 270ஐ எட்டால் வகுத்தால் மணிக்கு 33.75. பதினொன்றால் வகுத்தால் 24.50 பக்கம் வந்து நிற்கும். இரண்டும் கணக்காகச் சரிதான். "ஒரு மணிக் கூலி என்ன" என்று கேள்வி வந்தால் எந்த மணி என்று திருப்பிக் கேட்கப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

21.06.2025

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

டியூஷனுக்கு முன்னால் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தேன். காலையில் ஊர் ஊராக வந்து ஏற்றிக்கொண்டு போகிற பஸ், ராத்திரி திரும்பும்போது பாதிப் பேர் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். 2011இல் எனக்கு மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 208 மணி. ஒரு மாதம் ஓ.டி. 10 மணி, பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம் 5,450. அடுத்த மாதம் ஓ.டி. 22 மணி, சம்பளம் 5,750. சம்பளச் சீட்டில் மொத்தம் மட்டும்தான் இருந்தது, எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வழக்கமான மணிக்கு கூ, ஓ.டி. மணிக்கு ஓ.

208 கூ + 10 ஓ = 5,450
208 கூ + 22 ஓ = 5,750

மேலே உள்ளதைக் கீழே உள்ளதிலிருந்து கழித்தால் 12 ஓ = 300. ஓ = 25. அதை மேலே போட்டால் 208 கூ = 5,200, கூ = 25.

இரண்டும் 25. ஓ.டி.க்கு இரட்டை என்று வாயால் சொல்லிவிட்டு ஒற்றைதான் போட்டிருந்தார்கள். இரண்டு மாதத்தில் 32 மணி, மணிக்கு 25 வீதம் 800 ரூபாய். சூப்பர்வைசரிடம் சீட்டைக் காட்டினேன். "இங்க இப்படித்தாம்மா" என்றார். அவரும் சம்பளத்துக்கு இருப்பவர்தான். அந்த 800 எனக்கு வரவில்லை.

வகுப்பில் நீக்கல் முறை என்று படித்தபோது ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றைக் கண்டுபிடிப்பது என்று மட்டும்தான் தெரியும். அந்த ஞாயிறுதான் அது என்ன செய்கிறது என்று பார்த்தேன். இரண்டு மாதத்திலும் பொதுவாக இருந்த 208 மணி விழுந்துவிடுகிறது, 12 மணிதான் மிஞ்சுகிறது. சந்தையில் "போன தடவையை விட ரெண்டு கிலோ கூட வாங்கினேன், எண்பது ரூபாய் கூட ஆச்சு, அப்ப கிலோ நாப்பது" என்று சொல்கிற அத்தனை பேரும் நீக்கல் முறையில்தான் பேசுகிறார்கள்.

இதை உங்கள் மகளிடம் செய்து பாருங்கள். முதல் கணக்கில் இரட்டை என்ற தகவலை எடுத்துவிடுங்கள். இந்த வாரம் 48 + 6 மணி, 3,300. அடுத்த வாரம் 48 + 10 மணி, 3,740. ஓ.டி. மணிக்கு எவ்வளவு? நான்கு மணி கூடியிருக்கிறது, 440 கூடியிருக்கிறது. 110 என்று தாள் இல்லாமலே சொல்லிவிடுவாள்.

22.06.2025

சின்னத் திருத்தம். எக்ஸுக்குப் பதில் "கூ" எழுதச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு வம்பு இருக்கிறது. கூ என்றால் கூலி என்று மட்டும் பிள்ளை மனதில் வைத்துக்கொண்டால் வழக்கமான கூலி, ஓ.டி. கூலி, மொத்தக் கூலி மூன்றுக்கும் அதே எழுத்தைப் போட்டுவிடும். போன வருடம் ஒரு பையன் 48 கூ + 6 கூ = கூ என்றே எழுதினான். ஆகவே எழுத்தை எழுதுகிற வரிக்கு மேலே ஒரு முழு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்: "கூ என்பது வழக்கமான ஒரு மணிக்குக் கிடைக்கும் ரூபாயின் எண்ணிக்கை." நீளமாக இருக்கிறது என்று முனகுவார்கள், விடாதீர்கள்.

25.06.2025

வராத நாளுக்குப் பிடித்தம் போடுகிற கணக்கு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இதில்தான் மொழி குறுக்கே வருகிறது, அந்த அளவுக்கு உங்கள் முதல் கேள்விக்கு ஆமாம் சொல்கிறேன்.

கணக்கு: 30 நாளில் வேலைக்கு வந்த நாளுக்கு 450 ரூபாய் கூலி, வராத நாளுக்கு 50 ரூபாய் அபராதம். கையில் கிடைத்தது 11,500. எத்தனை நாள் வந்தார்?

வந்த நாட்களின் எண்ணிக்கை நா என்றால் வராதது 30 − நா.

450 நா − 50 (30 − நா) = 11,500
500 நா = 13,000
நா = 26

பாதிப் பிள்ளைகள் இதை 30 நாள் கூலியான 13,500இலிருந்து வராத நாளுக்கு 50 மட்டும் கழிப்பது என்று வாசிக்கிறார்கள். அப்படிப் போட்டால் குறைந்த 2,000க்கு 40 நாள் வரவில்லை என்று வரும். மாதத்தில் 30 நாள்தான். அங்கேயே நின்று மறுபடி வாசிக்க வேண்டும்: வராதவருக்கு அன்றைய கூலியும் கிடையாது, மேலே அபராதமும் உண்டு. வராத ஒரு நாளுக்கு மொத்த நஷ்டம் 500.

இந்த 500 பிடிபட்டால் சமன்பாடே வேண்டாம். 30 நாளும் வந்ததாக வைத்துக்கொள், 13,500. வந்தது 11,500, குறைவது 2,000, நாளுக்கு 500 வீதம் 4 நாள் வரவில்லை. ஆக 26. பழைய ஆட்கள் இப்படித்தான் போடுவார்கள். பரீட்சையில் படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதால் சமன்பாட்டை எழுதட்டும், விடையைச் சரிபார்க்க இந்த வழியை வைத்துக்கொள்ளட்டும்.

28.06.2025

இரட்டைக் கூலி என்று யார் வைத்தது என்று உங்கள் மகள் கேட்டாளாம். எனக்கு அது பெரிய சந்தோஷம். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆவது பிரிவுதான் அப்படி வைத்தது. நாளுக்கு 9 மணிக்கு மேல், அல்லது வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கினால் மேற்பட்ட நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி என்று அதில் இருந்தது. இணையத்தில் வருகிற பயிற்சிக் கணக்குகளில் 40 மணி, ஒன்றரை மடங்கு என்று இருக்கும், அது அமெரிக்கச் சட்டம். வழி ஒன்றுதான், எண்தான் மாறும்.

அந்த "அல்லது" முக்கியம். நான் இதுவரை 48ஐ மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். ஒருவர் ஒரு நாள் 11 மணி, மற்ற ஐந்து நாள் 7 மணி வேலை செய்கிறார். மொத்தம் 46, வாரக் கணக்கில் ஓ.டி.யே இல்லை. ஆனால் அந்தப் பிரிவுப்படி அந்த ஒரு நாளில் 2 மணி ஓ.டி. ஆக வழக்கமானது 44, ஓ.டி. 2, கூலி கிடைக்க வேண்டியது 48 மணிக்கு.

2023 ஏப்ரலில் நாளுக்கு 12 மணி நேரம் வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்பு வந்து அதைத் திரும்பப் பெற்றதாக மே தினத்தன்று அறிவித்ததும் ஞாபகம் இருக்கும். அந்த வாரம் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். நாளுக்கு 12 மணி, நான்கு நாள். மொத்தம் அதே 48 மணி. 9 மணி வரம்பு இருந்தால் நாளுக்கு 9 + 3 × 2 = 15 மணிக் கூலி, நான்கு நாளுக்கு 60 மணிக் கூலி. வரம்பு இல்லை என்று வைத்தால் 48 மணிக் கூலிதான். மணிக்கு 55 ரூபாய் என்றால் 3,300க்கும் 2,640க்கும் உள்ள வித்தியாசம். பிள்ளைகள் தாங்களாகவே அப்பாவிடம் போய்க் கேட்ட கணக்கு அது.

02.07.2025

நேரத்தைத் தசமமாக எழுதுவது. 7 மணி 45 நிமிடத்தை 7.45 என்று எழுதிப் பெருக்குகிறார்கள். மணிக்கு 60 ரூபாய் என்றால் 447 வரும், கிடைக்க வேண்டியது 465. பதினெட்டு ரூபாய் போச்சு. ஏழே முக்கால் என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள், முக்கால் என்றதும் கை தானாக 7.75 எழுதும். நம் பேச்சிலேயே கால், அரை, முக்கால் எல்லாம் பின்னமாக உட்கார்ந்திருக்கிறது. செவன் ஃபார்ட்டி ஃபைவ் என்று சொல்லிப் பழகிய பிள்ளைதான் அதிகம் தப்பு செய்கிறது, கவனித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 20 நிமிடம் மாதிரி வந்தால் இந்த உதவி இல்லை, 20/60 என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தையும் மறக்கிறார்கள். எட்டரைக்கு உள்ளே, ஐந்துக்கு வெளியே என்றால் எட்டரை மணி, அதில் அரை மணி இடைவேளை போக எட்டு.

06.07.2025

உங்கள் மகள் சொந்தமாக ஒரு கணக்கு எழுதி அனுப்பியிருக்கிறாள்: "அப்பா இந்த வாரம் 3,340 ரூபாய் கொண்டுவந்தார். முன்பணத்துக்கு 500 பிடித்துக்கொண்டார்கள். அப்பா எத்தனை மணி ஓ.டி. பார்த்தார்?" வாசித்துவிட்டு நான் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். ஆனால் இதைப் போட முடியாது. தெரியாதவை இரண்டு இருக்கின்றன, ஓ.டி. மணியும் ஒரு மணிக் கூலியும். சமன்பாடு ஒன்றுதான் வரும். இன்னும் என்ன தெரிந்தால் போடலாம் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.

07.07.2025

மணிக்கு 60 ரூபாய், வழக்கமான மணி 48, ஓ.டி. இரட்டை என்று உங்களிடம் கேட்டு வாங்கி எழுதியிருக்கிறாள். இப்போது கணக்கு நிற்கிறது. இதில் ஓ என்பது ஓ.டி. மணிகளின் எண்ணிக்கை.

48 × 60 + 120 ஓ − 500 = 3,340
120 ஓ = 960
ஓ = 8

500ஐக் கழிக்க வேண்டுமா கூட்ட வேண்டுமா என்று இரண்டு தடவை அடித்து எழுதியிருக்கிறாள், கடைசியில் இருப்பது சரி.

07.07.2025, இரவு

நீங்கள் இப்போது எழுதியதைப் பார்த்தேன். உங்கள் டைரியில் அந்த வாரம் ஓ.டி. 9 மணி என்று இருக்கிறது, மகள் கணக்கில் 8 வருகிறது. அவள் கணக்கில் தவறு இல்லை, மூன்று தடவை பார்த்துவிட்டேன். வந்த பணம் 8 மணிக்கு உரியதுதான். வியாழனும் வெள்ளியும் டிபனுக்கு அரை அரை மணி விட்டார்களா என்று முதலில் யோசித்துப் பாருங்கள், விட்டிருந்தால் அந்த ஒரு மணி அங்கேதான் இருக்கிறது. விடவில்லை என்றால் 120 ரூபாய் வர வேண்டியிருக்கிறது. நாளைக்குக் கேட்கப் போகும்போது டைரியோடு அவள் எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.